நூலும் குடும்பமும்: மைனியிடம் கேளுங்க

இந்த மாசம் மழையோட சேர்ந்து கடிதாசியும் கொட்டியிருக்கு மக்களே. முக்காவாசி குரோஷா (ஒத்தைக் கொக்கி ஊசியில நூல் பின்னுறது), நிட்டிங் (ரெட்டை ஊசியில பின்னுறது) பத்தித்தான். அதனால மாமியார் மருமக வழக்கை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சிருக்கேன், அதுலயும் பாதி நூலுக்குள்ளயே வந்து சிக்கிக்கிட்டுது, அது வேற.

கேள்வி: அக்கா, நாங்க நகரில இருக்கோம். வீட்டுக்காரர் பவர்லூம் தறி ஓட்டறாரு. நான் குரோஷால கொழந்தைங்க ஃபிராக், மேசை விரிப்பு எல்லாம் போடறேன். நாத்தனார் அவங்க ஃபிரெண்ட்ஸுக்குன்னு அஞ்சு ஃபிராக் போடச் சொல்லி வாங்கினு போனாங்க, நூல் காசு மட்டும் குடுத்தாங்க. "சீரியல் பாத்துக்கினு சும்மாதானே போடற, அதுக்கு இன்னா கூலி"ன்றாங்க. வீட்டுக்காரரும் வாயத் தெறக்கல. எப்படிக்கா காசு கேக்கறது?
(வாசகி, நகரி)

பதில்: நாத்தனார் சொன்ன அந்த "சும்மாதானே"க்கு உங்க ஆந்திராவுலயே பெரிய சரித்திரம் இருக்கும்மா. மேற்கு கோதாவரியில நரசாபுரம்னு ஒரு ஊரு. 19-ம் நூற்றாண்டுல ஸ்காட்லாந்து மிஷனரிமாரு அங்க உள்ள பொம்பளைகளுக்கு குரோஷா லேஸ் சொல்லிக் குடுத்தாங்க, அது சுத்துப்பட்டு கிராமம் ஒக்க பரவி வெளிநாட்டுக்கு ஏத்துமதியும் ஆச்சு, 2024-ல புவிசார் குறியீடு கூட கிட்டிச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மரியா மீஸ்ங்கிற ஜெர்மன் ஆய்வாளர் அங்கேயே போய்ப் பாத்து 1982-ல எழுதினது என்னன்னா, வியாபாரி கையில லாபம், பின்னுறவ கையில சில்லறை, ஏன்னா அவளை யாரும் தொழிலாளின்னு கணக்குலயே வைக்கல, வீட்டுப் பொம்பளை ஓய்வு நேரத்துல ஏதோ போடுதான்னு சொல்லிச் சொல்லியே கூலியை அமுக்கி வச்சிருந்தாங்க. உங்க நாத்தனாருக்கு இந்தக் கதையெல்லாம் தெரிஞ்சிருக்காது, ஆனா வசனம் அதே வசனம்தான்.

எங்க பக்கத்துலயும் ஒரு கதை உண்டு. நாகர்கோவில்ல 1820-கள்லயே மார்த்தா மால்ட்னு ஒரு மிஷனரி அம்மா பொம்பளப் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக் குடுத்தாங்க. அது குரோஷா இல்ல, தலகாணியில ஊசி குத்தி சின்னச் சின்னக் கட்டையில நூலைச் சுத்திப் பின்னுற வேலை. அப்போ நாங்க திருவிதாங்கூர், அடிமை முறை இருந்த காலம். அடிமையா இருந்த பிள்ளைகள்ல சிலர் லேஸ் வித்த காசைக் கட்டி விடுதலை வாங்கினதா மிஷன்காரங்க எழுதி வச்சிருக்காங்க. பின்னுனவ கையிலயே காசு போய்ச் சேர்ந்ததாலதான் அது நடந்துது, பாத்துக்கிடுங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். தறிக்காரர் வீட்டுல கூலிக் கணக்கை யாரும் சொல்லிக் குடுக்கணும்னு இல்ல. ஃபிராக் போட்டு முடிச்சதும் கிச்சன் தராசுல வைங்க, எத்தனை கிராம் நூல் போயிருக்குன்னு தெரியும். கீழே பாவாடைப் பாகத்துல ஒரு சுத்து போட எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு செல்போன்ல டைமர் வச்சுப் பாருங்க, பிள்ளை அழுதா டைமரை நிப்பாட்டிட்டு எழும்புங்க. மொத்தச் சுத்தை அதால பெருக்கினா மணிக்கணக்கு வந்துரும். ஒரு ஃபிராக்குக்கு 14 மணி நேரம், நூல் 300 ரூபான்னு வச்சுக்கிடுவோம், மணிக்கு வெறும் 50 ரூபா போட்டாலே 1000 ரூபா ஆச்சு. இதை ஒரு நோட்டுல எழுதி முதல்ல வீட்டுக்காரர் கிட்ட காட்டுங்க. சேலைக்கு இவ்வளவு கூலின்னு முதலாளி கிட்ட நின்னு பேசுற மனுஷன், இந்தக் கணக்கு அவருக்குப் புரியாம போகாது. நாத்தனாருக்குப் போன அஞ்சு ஃபிராக் போனதுதான், அதுக்குச் சண்டை வேண்டாம். அடுத்த ஆர்டர் வந்தா "அண்ணி, பாதி அட்வான்ஸ் போட்டுடுங்க, நூல் வாங்கணும்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. அவங்க பிள்ளைக்கு ஒண்ணு சும்மா போட்டுக் குடுக்கலாம், அது உறவு. அவங்க ஃபிரெண்டோட பிள்ளைக்கு என்ன உறவு, சொல்லுங்க?

கேள்வி: மூணாறு எஸ்டேட் லயத்துல இருக்கோம். எங்கப்பா போட்டிருந்த கம்பளி ஸ்வெட்டர் ஒண்ணு பெட்டியில இருக்கு, அங்கங்க பூச்சி அரிச்சு ஓட்டை. அவர் இப்ப இல்ல. அதைப் பிரிச்சு என் மகனுக்கு ஏதாவது பின்ன முடியுமா, இல்ல கை வச்சா மொத்தமும் பாழாயிடுமா?
(வாசகி, மூணாறு)

பதில்: முதல்ல ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பி விலாத் தையலைப் பாருங்கம்மா. ரெண்டு ஓரத்தையும் சேர்த்து ஒத்தை நூலால சங்கிலி மாதிரி தச்சிருந்தா நல்ல காலம், பிரிக்கலாம். பனியனுக்கு அடிக்கிற மாதிரி ஓவர்லாக் அடிச்சிருந்தா அது துணியா ஓட்டி வெட்டித் தச்சது, பிரிச்சா வரிக்கு வரி துண்டு நூலாத்தான் வரும், அதைத் தொட வேண்டாம், அப்படியே வெட்டி பையனுக்குக் கையில்லாத ஸ்வெட்டரா தச்சுக்கிடுங்க.

பிரிக்கக் கூடியதுன்னா, கழுத்துப் பட்டியையும் கையையும் கழட்டி எடுத்துட்டு உடம்புப் பாகத்தை மேலேருந்து பிரிங்க. சாதாரணமா கீழேருந்து மேல பின்னி கழுத்துகிட்டதான் முடிச்சிருப்பாங்க, அதனால அங்கருந்துதான் நூல் ஓடி வரும், கீழ் ஓரத்துலருந்து இழுத்தா ஒவ்வொரு கண்ணுலயும், அதாவது பின்னின ஒவ்வொரு வளையத்துலயும், சிக்கி உங்களுக்கு வெப்புராளம்தான் வரும். வர்ற நூலை உருண்டையாச் சுத்தாதீங்க. நாற்காலி முதுகுல சுத்தி, நாலு இடத்துல தளர்வாக் கட்டி, வெதுவெதுன்னு உள்ள தண்ணியில கொஞ்சம் ஷாம்பு விட்டு ஊற வச்சு, அலசி, நிழல்ல தொங்கப் போடுங்க. சுருட்டை முடி மாதிரி இருந்த நூல் நீண்டு வந்துரும். பூச்சி அரிச்ச இடத்துல நூல் அறுந்துதான் வரும். சுத்தக் கம்பளின்னா முடிச்சுப் போடவே வேண்டாம், ரெண்டு முனையையும் கொஞ்சம் பிரிச்சு ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, தண்ணி தொட்டு, உள்ளங்கையில சூடு வரத் தேய்ங்க, ரெண்டும் ஒட்டிக்கிடும். அக்ரிலிக்னு சொல்ற செயற்கை நூல்ல இது நடக்காது.

பழைய நூல் மெலிஞ்சிருக்கும், அளவும் குறையும். அதனால முழு ஸ்வெட்டருக்கு ஆசைப்படாதீங்க, ஒரு தொப்பியும் மஃப்ளரும் போடுங்க, ஜனவரியில புல்லு மேல உறைபனி விழுற ஊருக்கு அது கொள்ளாம். அப்பாவோட பட்டன் மிச்சமிருந்தா மஃப்ளர் ஓரத்துல ஒண்ணு வைங்க. பிரிக்கதுக்கு முந்தி ஸ்வெட்டரை வெளிச்சத்துல ஒரு போட்டோவும் எடுத்து வச்சுக்கிடுங்க, பிரிச்ச பிறகு கேட்டா கிட்டாது. பூச்சி முட்டை இருக்கும்னு பயம்னா, பாலித்தீன் கவர்ல கட்டி ஃப்ரீசர்ல ஒரு வாரம் போட்டு வச்சிட்டு அப்புறம் வேலையத் தொடங்குங்க. ஃப்ரீசர்ல என்னன்னு மாமியார் கேட்டா பதில் ரெடி பண்ணி வச்சுக்கிடணும்.

கேள்வி: நான் சதுரமா மஃப்ளர் போட ஆரம்பிச்சா பத்து வரிக்குள்ள முக்கோணமாகுது. வீட்டுல எல்லாரும் சமோசான்னு கிண்டல். எங்க தப்பு?
(வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: ஓரத்துல. நம்ம யூடியூப்காரங்க டபுள் குரோஷேன்னு சொல்ற உயரக் கண்ணைப் போடுறீங்கன்னு நினைக்கேன். வரி முடிஞ்சு திரும்பும்போது மூணு செயின் (சங்கிலி வளையம்) போடுறோம்லா, அந்த மூணு செயினே அந்த வரியோட முதல் கண்ணு. அடுத்த வரி போட்டு அந்தப் பக்கம் வந்து சேரும்போது அதோட தலையில ஒரு கண்ணு போடணும். அது பாக்க கண்ணு மாதிரியே இருக்காது, ஓரத்துல ஒதுங்கி நிக்கும், அதை விட்டுட்டுத் திரும்பிருவோம், வரிக்கு ஒண்ணு குறையும், சமோசா ரெடி. அந்த மூணாவது செயின்ல ஒரு சேஃப்டி பின் மாட்டி வைங்க, எங்க குத்தணும்னு தேட வேண்டாம். சிங்கிள் குரோஷேன்னு சொல்ற குட்டைக் கண்ணுக்கு கணக்கு வேற, அதுல திரும்புற ஒரு செயினை கண்ணாச் சேர்க்க மாட்டாங்க, முதல் கண்ணுலயே குத்தணும். பிள்ளைகள் நடுவுல கூப்பிட்டா வரிய முடிச்சிட்டு எழும்புங்க, பாதி வரியில எழும்பினா எண்ணிக்கை போச்சு.

கேள்வி: அண்ணன் பிள்ளைக்கு இருபத்தெட்டு கெட்டு (பிறந்த இருபத்தெட்டாம் நாள் சடங்கு) வருது. நானே தொப்பியும் பூட்டீஸும் (கால் உறை) போட்டுக் குடுக்கலாம்னு இருக்கேன். அண்ணி "இந்தப் புழுக்கத்துல உல்லனா"ன்னு முகத்தைச் சுளிக்கிறாங்க. என்ன அளவு, என்ன நூல்?
(வாசகி, களியக்காவிளை)

பதில்: அண்ணி சொல்றதுதான் சரி, கோவப்படாதீங்க. நம்ம ஊருக்கு காட்டன் நூல் போதும். ஒரு மாசப் பிள்ளைக்குத் தலைச் சுத்தளவு ஏகதேசம் 37 சென்டிமீட்டர் இருக்கும், தொப்பி இழுபடும்லா, 35 போட்டா பிடிச்சு நிக்கும். நடு உச்சியில 12 டபுள் குரோஷே, அடுத்த சுத்துல 24, அப்புறம் 36ன்னு வட்டமாக் கூட்டிக்கிட்டே போங்க. தட்டையா வச்சு அளந்தா வட்டத்துக்குக் குறுக்கே 11 சென்டிமீட்டர் வந்ததும் கூட்டுறதை நிப்பாட்டிட்டு நேரா இறக்குங்க. வட்டம் ஓரத்துல அலையலையா வந்தா கண்ணு கூடிப்போச்சு, கிண்ணம் மாதிரி குவிஞ்சா குறைஞ்சு போச்சு.

பூட்டீஸ்லதான் பயம் உண்டு. உள்பக்கம் நூல் முனை தொங்கவோ பெரிய ஓட்டை விழவோ கூடாது, பச்சப்பிள்ளைக்க கால்விரல் அதுக்குள்ள போய் நூல் இறுக்கினா ரத்த ஓட்டம் நின்னுரும், பிள்ளை எதுக்கு அழுதுன்னே தெரியாது. நெருக்கமாப் போட்டு, முனைகளை ஊசியில கோத்து உள்ள மறைச்சு, ஒரு தடவை அலசிக் காயப்போட்டுக் குடுங்க. கழுத்துல கட்டுற ரிப்பன், பட்டன், முத்து ஒண்ணும் வேண்டாம். படம் எடுத்து முடிச்சதும் தொப்பியக் கழட்டிருங்க, அதோட தூங்கப் போடக் கூடாது, பிள்ளைக்குச் சூடு தலை வழியாத்தான் நல்லா வெளியேறும். அண்ணி கிட்ட இதை நீங்களே முந்திச் சொல்லிட்டா சுளிச்ச முகம் தெளிஞ்சிரும், அண்ணன் பொண்டாட்டி மனசு நாத்தனார் பேச்சுலதான் இருக்கு.

கேள்வி: மழைக்காலம் வந்தாலே வாங்கி வச்ச நூலெல்லாம் ஒரு நாத்தம். என்ன செய்ய?
(வாசகி, குலசேகரம்)

பதில்: ரப்பர் ஷீட்டே காயாத ஊர்ல நூலு எப்படிம்மா காயும்! காட்டன்ல பூஞ்சை பிடிக்கும், கம்பளியில பூச்சி விழும், அக்ரிலிக்கைப் பூச்சி தொடாது, ஆனா வாடை ஏறும். சிமெண்டுத் தரையிலயோ சுவரை ஒட்டியோ வைக்காதீங்க. மூடி இறுகின டப்பாவுல நல்லாக் காஞ்ச நூலை மட்டும் போட்டு, புது செருப்புப் பெட்டியில வருமே சிலிக்கா பொட்டலம், அதுல நாலு உள்ள போடுங்க, சின்னப் பிள்ளைக கைக்கு எட்டாம. ஈரத்தோட மூடினா டப்பாவே பூஞ்சைப் பண்ணைதான். நூலு சும்மா கிடக்கக் கிடக்க வாங்கிக் குவிக்காம இருக்கலாம்னும் சொல்லலாம், ஆனா அதை யாரு கேக்கா.

கேள்வி: என் மக இடதுகைப் பழக்கம். நான் வலதுகை. பக்கத்துல உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தா ரெண்டு பேருக்கும் கண்ணீர்தான் வருது. பாட்டி வேற "சோத்துக்கையால பிடி"ன்னு அதட்டறாங்க.
(வாசகி, சித்தூர், பாலக்காடு)

பதில்: பக்கத்துல வேண்டாம், எதிர்ல உக்கார வைங்க. நீங்க வலக்கையில செய்றது அவளுக்குக் கண்ணாடியில பாக்குற மாதிரி இடக்கைக்கு நேராத் தெரியும், அதை அப்படியே செய்யச் சொல்லுங்க. அவ வரி இடப்பக்கத்துலருந்து வலப்பக்கம் போகும், அதுல ஒரு குத்தமும் இல்ல. குரோஷா ஊசிக்கு இடதும் வலதும் கிடையாது. வீடியோ பாத்துப் படிச்சா, செல்போன்ல படத்தை இடவலமாத் திருப்புற ஆப்ஷன் வச்சுக் காட்டுங்க. சட்டை மாதிரி போடும்போது மட்டும் பேட்டர்ன்ல வலது முன்பக்கம்னு இருந்தா அவளுக்கு அது இடதா வரும், அதைச் சொல்லி வைங்க. பாட்டிக்கு முதல் கைக்குட்டை லேஸை அவ கையாலயே போட்டுக் குடுக்கச் சொல்லுங்க, அப்புறம் எந்தக் கைன்னு கேக்க மாட்டாங்க.

கேள்வி: எட்டாங்கிளாஸ் படிக்கிற என் மகன் குரோஷா போடுறான். தாத்தா "பொம்பள வேலை"ங்கிறார்.
(வாசகி, புளியரை)

பதில்: வலை பின்னுற மீனவரும் தறி ஓட்டுறவரும் யாருன்னு தாத்தா கிட்ட கேளுங்க. பையனுக்கு 4 மில்லிமீட்டர் ஊசி ஒண்ணு வாங்கிக் குடுங்க, கிரிக்கெட் பாத்துக்கிட்டே போடட்டும்.

கேள்வி: நிச்சயதார்த்தத்துக்கு நானே போட்ட வெள்ளை டேபிள் விரிப்புல சாம்பார் கொட்டிடுச்சு. சோப்பு போட்டா மஞ்சக்கறை சிவப்பா மாறுது. அவ்வளவுதானா?
(வாசகி, ஊத்துக்கோட்டை)

பதில்: பதறாதீங்க. மஞ்சள்ல சோப்புக்காரம் பட்டா சிவக்கும், அலச அலச அது திரும்பிரும். முதல்ல எண்ணெயை எடுக்கணும், பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு விரலால தட்டித் தட்டி எடுங்க, பிரஷ் போட்டுத் தேச்சா கண்ணு பிஞ்சிரும். அலசிட்டு ஈரத்தோடவே உச்சி வெயில்ல தட்டையா விரிச்சுப் போடுங்க. மஞ்சள் நிறம் வெயிலுக்கு நிக்காது, ரெண்டு மூணு நாள் இப்படிப் போட்டா வெளுத்துரும். காட்டன் நூல்னா பயமில்ல. கொடியில மட்டும் தொங்கப் போடாதீங்க, ஈரக் கனத்துல விரிப்பு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு கோணலாயிரும். கல்யாணத்துக்கு அதே விரிப்பைப் போடலாம், தாம்பூலத் தட்டு வைக்கிற மேசையில, பந்தியில இல்ல.