மான் வேட்டைக்கு எந்தக் குண்டு?

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்க்கும் என் மகனை நண்பர்கள் வெள்ளைவால் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். .308 ரைபிள். எந்தக் குண்டு வாங்கச் சொல்வது? நீங்கள் பட்டாளத்தில் இருந்தவராயிற்றே!
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வாங்கக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேனுங்க. பட்டாளத்தில் நாங்கள் சுட்டது முழுக்க உலோக உறை போட்ட குண்டு. அது விரியாமல் ஊசி மாதிரி துளைத்துப் போய்விடும். அடிபட்ட மான் ஓடிப்போய் எங்கேயோ கிடந்து வதைபட்டுச் சாகும், பாவம். அங்கே பல மாநிலங்களில் மானுக்கு அதைத் தடையே செய்திருக்கிறார்கள்.

மூக்கில் ஈயம் தெரிகிற 'சாஃப்ட் பாயின்ட்', 150 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) போதும். பட்டதும் முனை விரிந்து, மான் சீக்கிரம் விழும். ஆனால் ஈயம் சிதறும். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தைத் தாண்டியும் கறியில் தங்கும். வீட்டில் குழந்தைகள் சாப்பிடுவார்கள் என்றால் முழுச் செம்புக் குண்டுதான் சரி. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது.

எதை வாங்கினாலும் அதே தோட்டாவை அட்டையில் சுட்டுக் குறியைச் சரிபார்க்கட்டும். குண்டு மாறினால் படும் இடமும் மாறும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சுக்குத்தான் குறி. தலைக்கு வேண்டவே வேண்டாம்.

அப்புறம், ஊருக்கு வரும்போது சத்தியமங்கலம் பக்கம் இந்த ஆசை கூடாதுங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மான் வேட்டை குற்றம்.