400ஆம் நெடுஞ்சாலையில் பனிப்புயலில் நிற்பவர்களை எடுக்கப் போகலாமா? – பதில்

அண்ணை, ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து புறப்பட்டு, பாரி நகருக்கு வடக்கே 400ஆம் நெடுஞ்சாலையில் பனிப்புயலில் சிக்கி நிற்கும் மச்சான் குடும்பத்தை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் மாகாணத்தின் சாலை நிலவரச் சேவையான ஒன்ராறியோ 511ஐப் பாருங்கள். சாலை மூடியிருந்தால் போகவேண்டாம். அது குற்றம், நீங்களும் சிக்கினால் பனி தள்ளும் வண்டிக்கும் வழியில்லை.

மச்சானுக்கு உடனே அழைத்துச் சொல்லுங்கள்: புகைக்குழாயைச் சுற்றிய பனியை அள்ளிவிட்டுத்தான் எஞ்சினைப் போடவேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் ஓடினால் போதும். காற்று அடிக்காத பக்கக் கண்ணாடி ஒரு விரலளவு இறங்கியிருக்கட்டும். குழாய் அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு உள்ளே வரும். அதற்கு மணமே இல்லை. காரை விட்டுவிட்டு நடக்கக்கூடாது. யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் அவசர எண் 911ஐ அழைக்கட்டும்.

சாலை திறந்திருந்தால்: நான்கும் குளிர்கால ரயர், முழுத் தாங்கி பெற்றோல், -40 வரை உறையாத கண்ணாடி கழுவும் திரவம், சவள், மணல், இழுவைக் கயிறு, போர்வைகள். நாலு சில்லும் இழுக்கிற வண்டி என்று நம்பாதீர்கள். அது கிளம்ப உதவும், பிரேக்குக்கு உதவாது. ஜோர்ஜியன் குடாப் பக்கமிருந்து வரும் ஏரிப்பனி, அதாவது ஏரி நீரின் ஈரத்தை எடுத்துக் குளிர்காற்று கொட்டும் பனி, ஒடுங்கிய பட்டையாக விழும். வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நிமிடத்தில் முன்னால் ஒன்றும் தெரியாது. ஹெட்லைட்டை நீங்களே போடுங்கள். தானாக எரியும் பகல் விளக்கு மட்டும் எரிந்தால் பல கார்களில் பின்விளக்கு எரியாது. வேகத்தைத் தானே பிடித்து வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். கண் மறைத்தால் ஓரங்கட்டாமல், மெதுவாக ஓட்டி, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் அடுத்த வெளியேற்றத்தில் (exit) இறங்குங்கள்.

சந்திப்பை நெடுஞ்சாலையில் வைக்காதீர்கள். வழி திறந்ததும் அவர்களே வெளியேற்றத்துக்குப் பக்கத்துப் பெற்றோல் நிலையத்துக்கு வரட்டும்.