மண்ணைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்: காட்டுத் தேனீக்கள் பற்றிய கேள்வி-பதில்

வீட்டுத் தோட்டத்தில் காட்டுத் தேனீக்களை, அதாவது பெட்டியில் வளர்க்காத, பெரும்பாலும் தனியாக வாழும் தேனீக்களைக் குடியேற்றுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். முக்கால்வாசிப் பேர் எதை வாங்கி வைக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். எதைத் தொடாமல் விட்டுவைக்கலாம் என்பதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லப்போகிறேன்.

கடையில் வாங்கிய தேனீ விடுதி (தேனீக்கள் கூடு கட்டுவதற்கான குழாய்க் கட்டு) ஒரு வருடமாகக் காலியாகவே தொங்குகிறது. என்ன தவறு?

தொங்குவதே முதல் தவறு. காற்றில் ஆடுகிற கூட்டுக்குள் தேனீ நுழையத் தயங்கும். சுவரிலோ கம்பத்திலோ அசையாமல் இறுக்கிக் கட்டுங்கள். தரையிலிருந்து ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் உயரம் போதும். காலை வெயில் நேராக விழவேண்டும், மழை உள்ளே அடிக்கக் கூடாது.

அப்புறம் குழாய்களைப் பாருங்கள். விற்பனைக்கு வருகிறவற்றில் பல அழகுக்காகச் செய்தவை. ஆழம் இருக்காது, பின்பக்கம் திறந்திருக்கும், ஓரத்தில் சிராய் நீட்டிக்கொண்டிருக்கும். சிராய் இறக்கையைக் கிழித்துவிடும். பின்பக்கம் திறந்த குழாயில் தேனீ பெரும்பாலும் முட்டையிடாது.

ஆழம் ஏன் முக்கியம்? தாய்த்தேனீ உள்ளே கடைசியிலிருந்து வரிசையாக அறைகள் கட்டிக்கொண்டு வெளியே வரும். ஒவ்வோர் அறையிலும் மகரந்தமும் பூந்தேனும் சேர்த்துப் பிசைந்த ஓர் உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை. பெண்ணாகப் பிறக்கவேண்டிய முட்டைகளை ஆழத்தில் வைக்கும், ஆண்களை வாசல் பக்கம் வைக்கும். குழாய் குட்டையாக இருந்தால் ஆண்களே அதிகம் பிறக்கும், அடுத்த தலைமுறையில் கூடு கட்ட ஆள் குறையும். இடத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று தாயே தீர்மானிக்கிறது என்பதைப் பிரான்சின் பூச்சியியலாளர் ஜான் ஆன்ரி ஃபாபர் (1823–1915) குழாய்களை மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தார். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்புதான்.

நீங்களே செய்யலாம். காய்ந்த மூங்கிலை ஒரு பக்கம் கணு அடைத்திருக்கும்படி சுமார் 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். துளை 3 முதல் 10 மி.மீ. வரை பல அளவுகளில் இருக்கட்டும். வாயை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். இருபது குழாய்கள் ஒரு கட்டு, அவ்வளவு போதும். பெரிதாகக் கட்டினால் ஒட்டுண்ணிகளுக்குத்தான் வசதி.

பாத்தி ஓரத்தில் பென்சில் நுழையும் அளவு துளைகள், சுற்றிலும் பொடிமண். எறும்புப் புற்றா? கொத்திவிடலாமா?

கொத்தாதீர்கள். வெயில் ஏறியதும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கால்களில் மஞ்சள் பொடி அப்பிக்கொண்டு ஒரு பூச்சி பறந்து வந்து துளைக்குள் இறங்கினால் அது மண்ணில் கூடு கட்டும் தேனீ.

உலகில் இதுவரை அறியப்பட்ட தேனீ இனங்கள் ஏறத்தாழ 20,000. அவற்றில் பெரும்பாலானவை ராணி, வேலைக்காரி என்ற கூட்டமில்லாமல் தனியாக வாழ்பவை. பெரும்பாலானவற்றுக்கு மண்தான் வீடு. ஆனால் விடுதி வைப்பதைப் பற்றி வருகிற அளவுக்கு மண்ணைப் பற்றிக் கேள்வி வருவதில்லை.

தோட்டத்தில் வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத ஒரு சதுர மீட்டர் இடத்தை வெறும் மண்ணாக விடுங்கள். அங்கே மூடாக்கு வேண்டாம், பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம், கொத்தவும் வேண்டாம். சற்றுச் சரிவாக இருந்தால் இன்னும் நல்லது. மற்ற இடமெல்லாம் மூடாக்குப் போட்டுக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. இந்த ஒரு மூலை மட்டும் தரிசாகக் கிடக்கட்டும்.

ரோஜா இலைகளின் ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல வட்ட வட்டமாக ஓட்டை. என்ன மருந்து அடிக்கலாம்?

எதுவும் வேண்டாம். புழு தின்ற இலை இப்படிச் சீராக இருக்காது. இது இலைவெட்டித் தேனீயின் வேலை. இலையின் ஓரத்தைக் கால்களால் பிடித்துக்கொண்டு, தாடையால் வளைவாக வெட்டிக்கொண்டே போகும். துண்டு விடுபட்டதும் அதைச் சுருட்டி வயிற்றுக்கடியில் அணைத்தபடி பறந்துவிடும். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். நீள்வட்டத் துண்டுகள் அறையின் சுவருக்கு, வட்டத் துண்டுகள் மூடிக்கு. செடிக்குப் பெரிய நட்டமில்லை. மருந்து அடித்தால் நீங்கள் கூப்பிட்ட விருந்தாளியையே கொல்கிறீர்கள்.

பெரிய கருவண்டு ஒன்று மரத்தூணைத் துளைக்கிறது. விரட்டவா?

அது வண்டு இல்லை, தச்சுத் தேனீ. கீழே மரத்தூள் கொட்டிக் கிடக்குமே, தின்பதற்காக அல்ல, கூடு குடைவதற்காகத் துளைக்கிறது. தூணுக்குப் பெயின்ட் அடியுங்கள், பூச்சில்லாத மரத்தைத்தான் அது விரும்பும். பதிலுக்குத் தோட்டத்து மூலையில் பட்டுப்போன ஒரு கட்டையை நட்டுவையுங்கள். தக்காளி, கத்தரிப் பூக்களில் மகரந்தம் சின்னக் குழலுக்குள் அடைந்திருக்கும். பூவைக் கவ்வி அதிர வைத்தால்தான் நன்றாகக் கொட்டும். தச்சுத் தேனீக்கு அது கைவந்த கலை. பெட்டித் தேனீக்கு அப்படி அதிர வைக்கத் தெரியாது.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு. கொட்டாதா?

காவல் காக்கத் தேன்கூடு இல்லாததால் தனித்தேனீக்கள் பாய்ந்து வருவதில்லை. கையில் பிடித்து நசுக்கினால் பெண் கொட்டும், ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. தேனீ கொட்டினால் ஒவ்வாமை வருகிறவர் வீட்டில் இருந்தால், நடமாட்டம் இல்லாத பக்கமாக வையுங்கள்.

மூங்கில் குழாய்களில் குளவி வந்து உட்கார்ந்துவிட்டது!

இருக்கட்டும். தனியாக வாழும் இந்தக் குளவிகள் குஞ்சுகளுக்காகப் புழுக்களையும் சிலந்திகளையும் பிடித்து அடைப்பவை. கத்தரிச் செடி வைத்திருப்பவர்கள் மகிழவேண்டிய விஷயம்.

ஒரே குழாய்க் கட்டை எத்தனை வருடம் வைக்கலாம்?

ஒரு தலைமுறை வெளியேறியதும் மாற்றிவிடுங்கள். பழைய குழாயில் உண்ணியும் பூஞ்சையும் பெருகும். மண்ணாலோ இலையாலோ அடைத்த வாய் உடைந்து ஓட்டை தெரிந்தால் உள்ளே இருந்தவை பறந்துவிட்டன என்று பொருள். இன்னும் மூடியே இருப்பதைப் பிளந்து பார்க்காதீர்கள். உருண்டையிலிருந்து நழுவிய குஞ்சு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

சாயங்காலம் ஒரு காய்ந்த குச்சியில் ஏழெட்டுத் தேனீக்கள் வரிசையாக, அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. செத்துவிட்டனவா?

தூங்குகின்றன. நீலப்பட்டைத் தேனீ போன்ற சில இனங்களில் பெண் மண்ணுக்குள் கூட்டில் இரவைக் கழிக்கும். ஆணுக்கு வீடு கிடையாது. பொழுது சாய்ந்ததும் ஒரு குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு அப்படியே உறங்கிவிடும். கிட்டப் போய் மெல்லப் பாருங்கள், கால்களைச் சுருக்கி வாயின் பிடியிலேயே தொங்குவது தெரியும். அந்தக் குச்சியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். நாளை மாலையும் அதற்கே வரக்கூடும்.