விலகுகிறேன் என்றவர்களும் விலகியவர்களும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கட்சித் தலைவர் ஒருவர் பேரவையில் 'விலகுகிறேன்' என்கிறார். பேராளர்கள் கண்ணீர் விடுகிறார்கள். மறுநாளே 'தொண்டர்களின் அன்புக்குக் கட்டுப்பட்டுத் தொடர்கிறேன்' என்று அறிக்கை வருகிறது. இவற்றில் எதை நம்புவது?
(வாசகர், செந்தூல்)

பதில்: அறிவிப்பையும் நம்ப வேண்டாம், கண்ணீரையும் நம்ப வேண்டாம். ஒப்படைக்கும் நாள் குறிக்கப்பட்டதா, அடுத்தவர் யார் என்று சொல்லப்பட்டதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

2002 ஜூன் மாதம் கோலாலம்பூர் புத்ரா உலக வாணிப மையத்தில் நடந்த, மலேசியாவின் ஆளும் கட்சியாக இருந்த அம்னோவின் பொதுப்பேரவை நிறைவுரையில், அதன் தலைவரும் பிரதமருமான டாக்டர் மகாதீர் குரல் தழுதழுக்கத் தாம் விலகுவதாக அறிவித்தார். மேடையில் இருந்த தலைவர்கள் பதறி எழுந்து அவரைச் சூழ்ந்துகொண்டதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. சற்று நேரத்தில் அவர் மனம் மாறிவிட்டார் என்ற செய்தியும் வந்தது. கதை அத்துடன் முடிந்திருந்தால் அதை நாடகம் என்று சொல்வதற்கு யாரும் தயங்கியிருக்க மாட்டார்கள். ஆனால், பொறுப்பு மாறும் காலம் முடிவு செய்யப்பட்டது. துணைப் பிரதமர் அப்துல்லா அகமட் படாவிதான் அடுத்தவர் என்பது தெளிவாக்கப்பட்டது. 2003 அக்டோபர் 31ஆம் தேதி, 22 ஆண்டுகள் வகித்த பிரதமர் பதவியிலிருந்து மகாதீர் சொன்னபடி இறங்கினார்.

அதே மனிதர் 2020 பிப்ரவரி 24ஆம் தேதி இரண்டாம் முறை பதவி விலகியபோது, அடுத்தவர் யார் என்பதில் கூட்டணிக்குள் இணக்கம் இல்லை. ஒரு வாரத்திற்குள் ஆட்சி கைமாறி, மார்ச் 1ஆம் தேதி முகைதீன் யாசின் பிரதமராகப் பதவியேற்றார். ஒரே ஆள் செய்த இரண்டு விலகல்களுக்கு இடையில் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது. நீங்கள் சொல்லும் 'மறுநாள் மனமாற்றத்துக்கு' அந்த முகைதீனே எடுத்துக்காட்டு: 2023 நவம்பரில் தம் கட்சியான பெர்சத்துவின் பேரவையில் தலைவர் பதவியைத் தற்காக்கப் போவதில்லை என்று அறிவித்தார், மறுநாளே அந்த முடிவைக் கைவிட்டார்.

கேள்வி: கட்சித் தலைவர் பதவியை ஒருவர் விட்டுவிட்டால் அவருடைய நாடாளுமன்றத் தொகுதியும் காலியாகுமா?
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: ஆகாது. பதவியை விடுவது வேறு, கட்சியை விடுவது வேறு. 2022 அக்டோபர் 5ஆம் தேதி நடப்புக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, ஒரு கட்சியின் சின்னத்தில் வென்றவர் அந்தக் கட்சியின் உறுப்பினர் தகுதியைத் துறந்தால்தான் தொகுதியை இழப்பார். கட்சியே அவரை நீக்கினால் இழக்க மாட்டார். 'முடிந்தால் என்னை நீக்கிப் பாருங்கள்' என்று சிலர் மார்தட்டுவதன் இரகசியம் இதுதான்.

கேள்வி: நல்ல தலைவருக்கு இலக்கணம் என்ன? நம் சமுதாயத் தலைவர்களை வைத்தே விளக்குங்கள், வெளிநாட்டுக் கதைகள் வேண்டாம்.
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: உங்கள் ஊரிலிருந்து எழுதிவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்களே! ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) நெடுங்கால தேசியத் தலைவர்கள் இருவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது உங்கள் தொகுதிதான்.

துன் வீ. தி. சம்பந்தன் 1955 முதல் 1973 வரை கட்சித் தலைவராக இருந்தார். விடுதலைக்குப் பின் வெள்ளைக்காரத் துரைகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டு ஊர் திரும்பியபோது, மூன்று தலைமுறையாக அங்கே பால் வெட்டியவர்கள் லயத்தையும் (தோட்டக் குடியிருப்பு) வேலையையும் ஒன்றாக இழந்தார்கள். அறிக்கை விடுவதும் மனுக் கொடுப்பதும் அன்றைக்கும் எளிதாகத்தான் இருந்தது. அவரோ தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டினால் அந்தப் பணத்தைத் திரட்டி நாமே தோட்டம் வாங்கலாம் என்று பேசினார். கூலி வாங்கும் நாளில் மளிகைக் கடன், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, கோயில் வரி எல்லாம் போக மிஞ்சுவதிலிருந்து 10 வெள்ளியை எடுத்துக் கொடுக்க ஒரு பால்வெட்டுக்காரப் பெண் சம்மதித்தாள் என்றால், அவள் நம்பியது திட்டத்தை மட்டுமல்ல, சொன்னவரையும்தான். 1960இல் உருவான தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் இன்றும் இருக்கிறது. கோலாலம்பூரில் அதன் தலைமையகத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவரையும் கட்சிக்குள் எழுந்த நெருக்குதல் 1973இல் இறங்க வைத்தது. துணைத் தலைவராக இருந்த வெ. மாணிக்கவாசகம் தலைமையை ஏற்றார். சம்பந்தன் தனிக்கட்சி தொடங்கவில்லை, நீதிமன்றப் படி ஏறவில்லை. அவருக்கு மனவருத்தம் இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வருத்தத்தைக் கட்சியின் செலவில் தீர்த்துக்கொள்ளவில்லை.

1979இல் மாணிக்கவாசகம் பதவியில் இருக்கும்போதே காலமானார். அதன்பின் வந்த துன் சாமிவேலு 2010 வரை, 31 ஆண்டுகள் தலைவராக இருந்தார். அவரை ஒரேயடியாகத் தூற்றுவோர் பட்டியலில் நான் இல்லை. கெடாவில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அவருடைய விடாப்பிடியால் எழுந்தது என்பதை அவருடைய எதிரிகளும் மறுப்பதில்லை. நான் குறை காண்பது வேறோர் இடத்தில். இத்தனை நெடுங்காலத்தில், அவரோடு மாறுபட்டு நிற்கக்கூடிய ஒருவர் கட்சியின் இரண்டாம் இடத்தில் நிலைத்துக் காலூன்ற முடிந்ததா? 1989இல் அவரை எதிர்த்துத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட டத்தோ சி. சுப்பிரமணியம், பிற்காலத்தில் துணைத் தலைவராகவே இருந்தும், 2006 தேர்தலில் தலைவரின் ஆதரவு பெற்ற பழனிவேலிடம் தோற்றார். 2007 நவம்பர் 25ஆம் தேதி இந்தியர் உரிமை இயக்கமான இண்ட்ராப்பின் அழைப்பை ஏற்றுக் கோலாலம்பூர் வீதிகளில் திரண்ட கூட்டம் என்ன சொல்ல வருகிறது என்பதை உள்ளிருந்தே உரக்கச் சொல்ல ஆள் இல்லாமல் போனது. சில மாதங்களில் வந்த 2008 பொதுத்தேர்தலில், போட்டியிட்ட 9 நாடாளுமன்றத் தொகுதிகளில் ம.இ.கா. மூன்றைத்தான் காப்பாற்றியது. தலைவரே சுங்கை சிப்புட்டில் தோற்றார். அதன் பிறகும் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் அவர் தலைவராகத் தொடர்ந்தார்!

அவருக்குப் பின் வந்த பழனிவேலின் காலத்தில், 2013 கட்சித் தேர்தல் குறித்த புகார்கள், கட்சிகளைப் பதிவு செய்யும் அரசுத் துறையான சங்கப் பதிவிலாகா வரை போய், கட்சி இரண்டு அணியாகப் பிரிந்து வழக்காடியது. அதற்குப் பழனிவேலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆலமரத்தடியில் வேறெதுவும் வளராது என்று ஊரில் சொல்வார்களே, அந்த நிழலிலேயே நின்றவரிடம் திடீரென்று வெயிலைத் தாங்கு என்றால் அவர் என்ன செய்வார்?

ஆகவே நீங்கள் கேட்ட இலக்கணம் இது: தலைவரின் பேச்சையும் கூட்டத்தையும் விட்டுவிட்டு, அவருக்கு அடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். அவர்கள் அவரை மறுத்துப் பேசியும் அங்கேயே இருக்க முடிகிறதென்றால் அவர் நல்ல தலைவர்.

கேள்வி: தேர்தலில் தோற்றவுடன் விலகுவது பொறுப்புணர்ச்சியா, கப்பலை விட்டு ஓடுவதா?
(வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: பினாங்குக்காரர் கேட்பதால் பினாங்கையே சொல்கிறேன். துன் லிம் சோங் இயூ 1969 முதல் 21 ஆண்டுகள் உங்கள் முதலமைச்சர். பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரமும் பினாங்குப் பாலமும் கொம்தார் கோபுரமும் அவர் காலத்தவை. 1990 தேர்தலில் பாடாங் கோத்தா சட்டமன்றத் தொகுதியில் ஜனநாயக செயல் கட்சியின் (ஜ.செ.க.) லிம் கிட் சியாங்கிடம் தோற்றார். அவருடைய கட்சிக் கூட்டணி மாநிலத்தைத் தக்கவைத்துக்கொண்டது. அவர் நினைத்திருந்தால் ஏதாவது ஒரு நியமனப் பொறுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னிருந்து ஆட்டுவித்திருக்கலாம். கோ சு கூனிடம் பொறுப்பு போயிற்று, இவர் அரசியலை விட்டே ஒதுங்கினார்.

அவர் அதற்கு முன்னரும் ஒரு முறை விலகியவர் என்பது பலருக்கு மறந்திருக்கும். 1959 பொதுத்தேர்தலுக்கு முன், சீனர் கட்சியான ம.சீ.ச.வுக்குக் கூடுதல் தொகுதிகள் வேண்டும் என்று அதன் தலைவராக, ஆளும் கூட்டணியின் தலைவர் துங்கு அப்துல் ரகுமானிடம் வாதாடினார், துங்கு இணங்கவில்லை, பின்னர் இவர் தலைவர் பதவியைத் துறந்தார். கொள்கை வேறுபாட்டில் ஒன்று, மக்கள் தீர்ப்பில் ஒன்று. இரண்டிலும் காரணம் வெளியில் தெரிந்தது. காரணம் தெரியாமல் 'உடல்நிலை' என்றும் 'குடும்பம்' என்றும் சொல்லிக்கொண்டு போகிறவர்களைப் பற்றித்தான் நாம் ஐயப்பட வேண்டும்.

அவரைத் தோற்கடித்த லிம் கிட் சியாங்கும் 1999இல் தோற்றபோது, 30 ஆண்டுகள் வகித்த ஜ.செ.க. பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்து இறங்கினார். ஆனால் கட்சியின் தேசியத் தலைவர் பொறுப்பை ஏற்றுக் களத்திலேயே இருந்தார். இதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. முழு விலகல் என்றும் சொல்ல முடியாது.

கேள்வி: தன் கையால் நடக்காத தவற்றுக்கும் தலைவர் விலக வேண்டுமா?
(வாசகி, கிள்ளான்)

பதில்: 1956 நவம்பரில் தமிழ்நாட்டின் அரியலூர் அருகே இரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இந்திய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இரயிலை ஓட்டியவர் அவரல்லர். எட்டு ஆண்டுகள் கழித்து அவர் பிரதமரானபோது அந்த விலகல் அவருக்கு இழுக்காக இல்லை, தகுதியாகவே எண்ணப்பட்டது. எல்லாத் தவற்றுக்கும் விலகிக்கொண்டிருந்தால் நிர்வாகம் நடக்காது என்பதும் உண்மை. எத்தனை உயிர், எவ்வளவு பணம், எச்சரிக்கை முன்பே வந்ததா என்பதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். எச்சரிக்கை வந்தும் கோப்பை மூடி வைத்திருந்தவர் விலகத்தான் வேண்டும்.

கேள்வி: எங்கள் கிளைத் தலைவர் பல ஆண்டுகளாக மாறவில்லை. ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு வருவதே கூட்டம் முடிந்த பிறகுதான். என்ன செய்யலாம்?
(வாசகர், பிறை)

பதில்: உறுப்பினர் பட்டியலின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கட்சிச் சட்டவிதியில் கூட்ட அறிவிப்புக்கு எத்தனை நாள் என்று இருக்கிறது எனப் பாருங்கள். அதன்படி நடக்கவில்லை என்றால் தொகுதிக்கும், பிறகு மத்திய செயலவைக்கும் எழுதுங்கள். அங்கும் பதில் இல்லையென்றால் சங்கப் பதிவிலாகா இருக்கிறது. ஒவ்வொரு கடிதத்துக்கும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாமல் ஐந்தாறு பேராகச் சேர்ந்து கையெழுத்திடுங்கள்; ஒருவர் எழுதினால் கலகக்காரர் என்பார்கள்.