கிளட்ச் இறுகினால் பிளேட்டைத்தான் மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஐயா, அவிநாசியிலிருந்து திருப்பூருக்குத் தினமும் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறேன். பழையதாக வாங்கிய 150 சிசி பைக். கொஞ்ச நாட்களாகக் கிளட்ச் லிவர் கை வலிக்கும் அளவுக்கு இறுகிவிட்டது. சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழுவதில்லை. லிவரை முழுவதும் பிடித்திருந்தாலும் வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது. மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கிளட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பிளேட் தேய்ந்த வண்டியில் எஞ்சின் இரையும், வேகம் ஏறாது. மேம்பாலம் ஏறும்போதே அது தெரிந்துவிடும். உங்கள் வண்டியின் குறை வேறு: கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை. பிளேட் வளைந்தாலும் இப்படி ஆகலாம். ஆனால் லிவரும் சேர்ந்து இறுகியிருப்பதால், சந்தேகம் முதலில் பிளேட்டை விடுவிக்கும் பாகங்கள் மேல்தான் விழ வேண்டும். லிவர், கேபிள், கேபிள் இழுக்கும் கிளட்ச் ஆர்ம், எஞ்சினுக்கு உள்ளே புஷ் ராட், ரிலீஸ் பேரிங் என்று வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். செலவும் அதே வரிசையில்தான் ஏறும்.

எஞ்சின் ஆறிய பிறகு கேபிளின் கீழ் முனையை ஆர்மிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். இப்போது லிவரைப் பிடித்துப் பாருங்கள். அப்போதும் கனமாக இருந்தால் கோளாறு கேபிளிலோ லிவர் திருகிலோதான். எஞ்சினைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. கேபிள் முனையில் இருக்கும் உருண்டைக்கு அருகே ஓரிரு கம்பி இழை அறுந்து நின்றாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். மீதி இழைகள் எங்கே அறும் என்று சொல்ல முடியாது. ஹேண்டில்பாரையோ முன்பக்கக் கம்பியையோ மாற்றிய வண்டிகளில் கேபிள் சட்டென்று மடங்கிப் போவதும் உண்டு.

லிவர் இலகுவாக இருந்தால், ஆர்மைக் கையால் அசைத்துப் பாருங்கள். சிறிது தூரம் தளர்வாக வந்து, பிறகு அழுத்தம் கொடுக்க வேண்டும். விட்டால் தானே திரும்ப வேண்டும். வாட்டர் சர்வீஸில் அடிக்கும் தண்ணீர் இந்த இடத்துக் கிரீஸைக் கழுவிவிடுவதால் ஆர்ம் சுழலும் தண்டு துருப்பிடித்து ஆர்ம் பாதியில் நின்றுவிடும். தண்டைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருந்தால் ஆயில் சீலையும் சேர்த்து மாற்றுங்கள். மலிவான பொருள்தான்; ஆனால் கேட்காவிட்டால் பலர் மாற்றுவதில்லை.

கேபிளை மாட்டியதும் லிவரின் தளர்வை அளக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்கும். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கிறது. கேபிள் நீண்டால் இந்தத் தளர்வு கூடும், பிளேட் தேய்ந்தால் குறையும். தளர்வு மிகுந்தால் உங்கள் வண்டியைப் போல இழுக்கும். தளர்வே இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்தபடியே ஓடி, நல்ல பிளேட்டையும் கருக்கிவிடும். கீழே உள்ள நட்டில் பெரிய மாற்றத்தைச் செய்துவிட்டு, மேலே லிவர் பக்கத்துத் திருகை நுண்ணிய திருத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஹேண்டிலை இருபுறமும் முழுவதும் திருப்பியும் அதே தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இழுத்தால்தான் கவரைத் திறக்க வேண்டும். லிவரைப் பிடிக்கும்போது மட்டும் உள்ளிருந்து கீச்சொலி வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்தான். கவரைத் திறந்தபின் பிளேட்டை வெர்னியரால் உங்கள் கண்முன் அளக்கட்டும். கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருந்தால் மாற்றுவதில் தவறில்லை. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்த்த ஒரே சுற்றில் 'முழு செட்' என்றவரிடம் வேலையைக் கொடுப்பதாக இருந்தால், பாகம் பாகமாக விலை எழுதிய மதிப்பீட்டை முன்னதாகவே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: காருக்கு வாங்கிய எஞ்சின் ஆயில் மீதம் இருக்கிறது. பைக்கில் ஊற்றலாமா? வால்பாறை மலையில் ஓட்டும் வண்டி.

பதில்: ஊற்றாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் பிளேட்டை வழுக்க வைக்கும். டப்பாவில் 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற தரக் குறியீடு இருப்பதை வாங்குங்கள், 'எம்பி' ஸ்கூட்டர்களுக்கானது. 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக் கிளட்சிலேயே ஏறுகிறவருக்கு ஆயிலில் மிச்சம் பிடித்த காசு பிளேட்டில் போய்விடும்.

கேள்வி: தாராபுரத்தில் வாங்கிய புது பைக். வாரண்டி முடியவில்லை. கிளட்ச் பழுதுக்கு வாரண்டி இல்லை என்று சர்வீஸ் சென்டர் வாயால் சொல்லி அனுப்பிவிட்டது.

பதில்: தேயும் பாகம் என்பதால் கிளட்ச் பிளேட்டை வாரண்டியில் சேர்க்காமல் விடுவது வழக்கம். ரிலீஸ் பேரிங்கும் ஆயில் சீலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று வாரண்டிப் புத்தகத்தில் பாருங்கள். எந்தப் பாகம், என்ன காரணம் என்று மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கேட்டதுமே பல இடங்களில் பேச்சு மாறும். மாறாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலனில்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சர்வீஸ் பில்களை வரிசையாக இணைத்துக் கொடுங்கள்.