எஃப்டா ஒப்பந்தமும் நம் ஊர் முதலீடும்: கேள்வி பதில்

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் நான்கும் சேர்ந்த கூட்டமைப்புதான் எஃப்டா. அதோடு இந்தியா போட்ட வணிக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு, புதுச்சேரியில் அந்நிய முதலீட்டுக் கணக்கு பார்க்கும் ஆடிட்டர் என்ற முறையில் என் பதில்கள்.

இந்த ஒப்பந்தத்தால் 15 வருடத்தில் பத்தாயிரம் கோடி டாலர் முதலீடு வரும் என்கிறார்களே, நிச்சயமா சார்? (வில்லியனூர்)

அது இலக்கு, காசோலை இல்லை. முதல் 10 வருடத்தில் பாதி, அடுத்த 5 வருடத்தில் மீதி. பங்குச்சந்தையில் வந்து போகிற பணம் இதில் சேராது. முதலீடு செய்யப்போவது அங்குள்ள கம்பெனிகள். 'போய்ப் போடு' என்று எந்த அரசும் அவர்களுக்கு உத்தரவிட முடியாது. இலக்கு தவறினால், பல சுற்றுப் பேச்சுக்கும் கூடுதல் அவகாசத்துக்கும் அப்புறம்தான், அவர்கள் பொருட்களுக்கு நாம் கொடுத்த இறக்குமதி வரிச்சலுகையை இந்தியா அளவாகக் குறைக்கலாம்.

மகன் பாரிஸில் இருக்கிறான். பிரெஞ்சு குடியுரிமை, ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) உண்டு. மிஷன் வீதிப் பக்கம் உணவகம் வைக்கப் பணம் அனுப்புகிறேன் என்கிறான். இந்த ஒப்பந்தம் உதவுமா ஐயா? (முத்தியால்பேட்டை)

பிரான்ஸ் எஃப்டாவிலேயே இல்லையம்மா. தேவையும் இல்லை, உணவகத்துக்கு நம் சொந்த முதலீட்டுக் கொள்கையே கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது.

போட்ட முதலைத் தடையின்றித் திருப்பிக் கொண்டுபோக வேண்டுமென்றால் பிரைவேட் லிமிடெட் கம்பெனி வைத்து, பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்சி-ஜிபிஆர் (வெளிநாட்டவருக்குப் பங்கு ஒதுக்கியதைத் தெரிவிக்கும்) படிவம் போட வேண்டும். ஒருவர் பங்கு ஒதுக்கிவிட்டுக் கல்யாண வேலையில் இதை மறந்துபோனார். பத்திரிகை வைக்க வந்தபோதுதான் என்னிடம் சொன்னார், தாமதக் கட்டணத்தோடு முடிந்தது. திருப்பி எடுக்கும் உரிமை வேண்டாமென்றால் அது உள்நாட்டு முதலீடாகவே கருதப்படும், கூட்டு வியாபாரம்கூடச் செய்யலாம். பிற்பாடு மனம் மாறினாலும் என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வைக்கும் ரூபாய் வங்கிக் கணக்கு) வழியாக வருடத்துக்கு 10 லட்சம் டாலர் வரை, வரி கட்டிவிட்டு எடுத்துப்போகலாம். ஒரு உணவகத்துக்கு அது தாராளம். நானாக இருந்தால், திருப்பி எடுக்கும் உரிமை கேட்காத இந்த வழிதான்.

அப்படியே ஒரு வார்த்தை: வாழைத்தோட்டம், தென்னந்தோப்பு என்று யாராவது காட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம். ஓசிஐ கார்டு வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்க முடியாது.

இனி வெளிநாட்டுக்காரன் மளிகைக்கடை திறப்பானா அண்ணே? (கடலூர் முதுநகர்)

அது வேறு சங்கதி. பல பிராண்டு விற்கும் கடையில் 51 சதவீதம் வரைதான், அதுவும் டெல்லியின் அனுமதியோடு. குறைந்தது 10 கோடி டாலர் போட வேண்டும், மாநிலமும் சம்மதிக்க வேண்டும். 2012-இல் இந்தக் கொள்கை வந்தபோதே தமிழ்நாடு ஒத்துக்கொள்ளவில்லை.

சிப்காட் தொழிற்பேட்டையில் சுவிஸ் கம்பெனி ரசாயன ஆலை வைத்தால், மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் தலையிட முடியாதா? (குடிகாடு)

முடியும். ரசாயனத் தொழிலில் 100 சதவீத அந்நிய முதலீட்டுக்கு டெல்லியிடம் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். கழிவுநீருக்கும் புகைக்கும் வாரியத்தின் இசைவு வாங்காமல் ஆலையை ஓட்ட முடியாது, உள்ளூர் முதலாளிக்கு உள்ள அதே சட்டம்தான். நாற்றம் அடித்தால் தேதி, நேரம் குறித்து எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.