தொகுதிக்கு 623 காரட்

கேள்வி: ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் 26 வயது வக்கீலை, அதுவும் அழகிப் பட்டம் வென்றவரை, அமைச்சராக்கினார்களே! அனுபவம் இல்லாதவரிடம் நாட்டை ஒப்படைக்கலாமா? (தேனி வாசகர்)

பதில்: நாட்டை எங்கே ஒப்படைத்தார்கள்? 2024 நவம்பரில் லெசேகோ சோம்போவுக்குக் கிடைத்தது இளைஞர் மற்றும் பாலின விவகாரத் துறை.

சரி, அந்த 'அனுபவம்' விஷயத்துக்கு வருவோம். அதைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்றால் போட்ஸ்வானா ஜனநாயகக் கட்சியை யாரும் அசைத்திருக்க முடியாது. 1966-ல் சுதந்திரம் வந்ததிலிருந்து 58 வருடம் அவர்கள் ஆட்சிதான். போதாததற்கு, தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னால் அங்கே ஒரு சுரங்கத்தில் 2,492 காரட் வைரம் கிடைத்தது. உலகத்திலேயே இரண்டாவது பெரிய கல். அந்தக் கட்சியின் அதிபர் மசிசி அதைக் கையில் ஏந்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். அக்டோபர் 30-ல் தேர்தல். 61 தொகுதிகளில் கட்சிக்குக் கிடைத்தது நாலு! வகுத்துப் பார்த்தேன்: தொகுதிக்கு 623 காரட். மீதியே இல்லாமல் வகுபடுகிறது. இவ்வளவு துல்லியமாகத் தோற்கவும் அனுபவம் வேண்டாமா?

ஜெயித்து அதிபரான டூமா போகோவும் வக்கீல்தான். அவருக்கு இருந்த அனுபவம் 2014-லும் 2019-லும் தோற்றது.

அழகிப் பட்டம் பற்றி ஏன் இந்த இளக்காரம்? 2024 மார்ச்சில் மும்பையில் நடந்த உலக அழகிப் போட்டியில் கடைசி நாலு பேரில் ஒருவர் சோம்போ. அந்த மேடையில் கேட்ட கேள்விக்கு, சிரித்த முகத்தோடு, சட்டென்று பதில் சொல்லியாக வேண்டும். எந்த அமைச்சருக்கு அது வரும்? எனக்கே வராது என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

வக்கீல் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் உதைக்கிறது. வாய்தா வாங்கிப் பழகிய கை. (முன்பொரு முறை வாய்தாவைக் கிண்டலடித்ததற்கு வக்கீல் வாசகர்கள் காரசாரமாக எழுதியிருந்தார்கள். பதில் போட நானும் வாய்தா வாங்கியிருக்கிறேன்.) 2024-ல் அங்கே உழைக்கத் தயாராக இருந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை, இளைஞர்களிடையே நிலைமை இன்னும் மோசம். வருமானத்துக்கு நம்பியிருந்த வைரத்தின் விலையும் விழுந்துவிட்டது. ஒரு காரணம், ஆய்வுக்கூடத்தில் செய்கிற வைரம். அதைக் குவிக்கிற ஊர்களில் நம் சூரத்தும் உண்டு. பாவம், அழகியின் கிரீடத்திலேயே கை வைத்துவிட்டோம்!

நீங்கள் வேறு இடத்தில் குறை கண்டிருக்கலாம். சோம்போ தொகுதியில் நின்று ஜெயித்தவர் இல்லை. அதிபர் முன்மொழிந்து, சபை ஏற்றுக்கொண்ட சிறப்பு உறுப்பினர். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டு, "போன தடவை வந்தவரும் இதைத்தான் சொன்னார்" என்று திண்ணையில் இருக்கும் கிழவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதில்லை. 2029-ல் அடுத்த தேர்தல். ஏதாவது ஒரு தொகுதியில் நிற்கட்டும்.